வந்தாகணும் என்ற நாய்

எங்கள் ஊரில் இரண்டு வீடுகளுக்குப் பேச்சு நின்றுபோனால், அடுத்து வாங்கும் நாய்க்குட்டிக்கு எதிராளியின் காதில் விழவேண்டியதைப் பெயராக வைத்துவிடுவோம். அப்புறம் காலையிலும் மாலையிலும் நாயைக் கூப்பிட்டால் போதும். ஊர்த்தலைவரிடம் போய் முறையிட முடியாது. "நான் என் நாயைக் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். சாவே ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே, எங்கள் கரையில், 'பார்த்துக்கிட்டே இரு' என்று ஒரு நாய் இருந்தது. 'நான் என்ன செஞ்சேன்' என்று ஒன்று இருந்தது. அது கோழி திருடும்.

என்னை நினைத்துப் பெயர் வைக்கப்பட்ட நாய் செம்பழுப்பு நிறம். ஒரு காது மடங்கியிருக்கும். அதன் பெயர் 'வந்தாகணும்'.

வைத்தவள் ஒலிண்டா, எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பவள். நான் ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. அவளுடைய ஒரே மகள் எல்வீராவை ஐந்தாம் வகுப்பிலேயே ஒரு வருடம் நிறுத்தி வைத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை, வேறொன்றுமில்லை. ஒலிண்டா பள்ளி வாசலில் நின்று, "ஒரு நாள் நீ என் வாசலுக்கு வந்தாகணும், டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுவாரம் நாய்க்குட்டி வந்தது. ஆறு வருடம் அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டே விடைத்தாள் திருத்தினேன், துணி துவைத்தேன், சமைத்தேன்.

எங்கள் வீட்டை அடுத்து ஒரு சின்ன முந்திரித் தோப்பு. தோப்புக்கு அந்தப் பக்கம் மீன் வியாபாரி அமராலின் வீடு. எங்கள் பகுதியில் கான்கிரீட் கூரை போட்ட ஒரே வீடு அதுதான். அமராலும் மனைவியும் வெளியூர் போகும்போதெல்லாம் ஒலிண்டா அங்கே போய்த் தங்கி, வீட்டையும் அவர்களுடைய இரண்டு பெரிய நாய்களையும் பார்த்துக்கொள்வாள். தன் நாயையும் கூட்டிக்கொண்டு போவாள். அந்த வருடம் பிப்ரவரியில் அமரால் மனைவியின் கண் அறுவை சிகிச்சைக்காக அவர்கள் தலைநகர் மபூட்டோவுக்குப் போயிருந்தார்கள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடக் கம்பத்தில் மஞ்சள் கொடி ஏறியது. வெள்ளிக்கிழமை விடியும்போது சிவப்பு. புயல் எச்சரிக்கைக் குழுவின் சக்கரியாஸ் ஒலிபெருக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தான்.

"எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க! கோழியைக் கூடையில போடுங்க, ஆட்டை அவுத்து விடுங்க! டீச்சர், நீங்க இன்னும் கிளம்பலையா?"

"இவரை எப்படிப்பா கூட்டிட்டு வர்றது? ரெண்டு கிலோமீட்டர்."

"எட்டு மணிக்கு டிராக்டர் வரும். மாமாவை உக்கார வச்சுத் தயாரா இருங்க."

மாமா என்றது என் கணவர் ஜோசியாஸை. படகுத் தச்சர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் உளியைக் கையில் பிடித்தபடியே விழுந்தார். அன்றிலிருந்து இடது கையும் இடது காலும் அவருடையவை இல்லை. வாய் கொஞ்சம் கோணியது, பேச்சு குழறியது. கேலி மட்டும் குழறவில்லை.

டிராக்டர் வரவில்லை. சாலையை அறுத்துக்கொண்டு ஓடைத் தண்ணீர் ஏறிவிட்டது என்று அப்புறம் தெரிந்தது. எட்டரைக்குத் தென்னைகள் எல்லாம் வடக்கே பார்த்துச் சாய்ந்து நின்றன. நான் கூரைத் தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் ஏற்றினேன். எங்கள் வீடு நாணலும் மண்ணும். ஜோசியாஸ் கட்டிலில் உட்கார்ந்து என் கால்கள் கூரையில் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்ததும், "அமரால் வீட்டுக்குப் போயிருவோம்" என்றார்.

"அவங்க ஊர்ல இல்ல."

"ஒலிண்டா இருக்காளே."

"அதைத்தான் சொல்றேன். அந்த வீட்ல யாரும் இல்ல."

"டீச்சரம்மா, காத்து வந்து யாரு எத்தனை மார்க்குன்னு விசாரிக்காது."

"அவ வாசல்ல போய் நின்னா அந்த நாய் ஜெயிச்ச மாதிரி."

"ஜெயிச்சுட்டுப் போகட்டும். அதுக்கு ஒரு காது வேற மடங்கிக் கிடக்கு, பாவம்."

நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். மரவள்ளி இலையை வேர்க்கடலைத் தூளும் தேங்காய்ப்பாலும் விட்டு அடுப்பில் வைத்திருந்தேன். கதவிடுக்கில் வந்த காற்றில் அடுப்புக்கரி தானாகவே வெள்ளையாய்ப் பழுத்தது, கடலை அடிப்பிடித்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் உயிர் என் கையில் இருந்தது, நான் ஒரு நாயின் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். முதல் தகரம் போயிற்று. உரித்தெடுத்த மாதிரி ஒரு சத்தம், பிறகு கூரை இருந்த இடத்தில் வானம். அடுத்த தகரம், அடுத்தது. டயர்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. மழை ஜோசியாஸின் முகத்தில் கிடைமட்டமாக அடித்தது. தெற்குச் சுவர் கரைந்து இறங்கத் தொடங்கியது. நான் அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். அப்போதுதான் கேட்டேன்.

"வந்தாகணும்! வந்தாகணும்! வந்தாகணும்!"

ஒலிண்டாவின் குரல். தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உயிர் போகிற அலறல். ஆறு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் குத்தல் இல்லை, பயம் மட்டும் இருந்தது.

"கூப்பிடுறா" என்றேன். "நம்மளைக் கூப்பிடுறா."

தண்ணீர்க் குடம் ஏற்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைக் கதவருகே இழுத்தேன். அவரை அதற்குள் உருட்டிவிட்டு, என் இடுப்புத் துணியை அவிழ்த்து வண்டியோடு சேர்த்துக் கட்டினேன். தோப்பைக் கடக்க எத்தனை நேரமானது என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று முறை வண்டி குடை சாய்ந்தது. முந்திரிக் கிளை ஒன்று முறிந்து அவர் மடியிலேயே விழுந்தது. அதை அவர் எறியவில்லை, வலது கையால் முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்.

அமரால் வீட்டு முன்கட்டில் இரும்புக் கிராதிக்குப் பின்னால் ஒலிண்டா நின்றிருந்தாள். முதலாளியின் மழைக்கோட்டு அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எங்களைப் பார்த்ததும் வாய் திறந்தபடி நின்றாள்.

"நீ எதுக்கு வந்தே?"

"நீதானே கூப்பிட்டே! வந்தாகணும் வந்தாகணும்னு கத்தினியே!"

"நாயைக் கூப்பிட்டேன்!" என்றாள். "கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. நாயைக் கூப்பிட்டேன், டீச்சர்!"

மழையில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டிக்குள்ளிருந்து ஜோசியாஸ் சொன்னார்: "அப்ப தப்பா வந்துட்டோம். டீச்சரம்மா, வண்டியைத் திருப்பு."

ஒலிண்டா சிரித்துவிட்டாள். வாய்க்குள் மழை போய்ப் புரையேறியது. ஆனால் கிராதியைத் திறக்கவில்லை. பூட்டில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முதலாளியம்மா சாவியைக் குடுக்கும்போதே சொல்லிட்டாங்க, அண்ணே. வெளியாள் ஒருத்தர் கூட இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு."

"நான் எங்கம்மா கால் வைக்கப் போறேன்? ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போங்க. என் கால் தரையில படவே படாது."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அவர் உதடு சாம்பல் நிறமாகி இருந்ததை அப்போதுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பூட்டைத் திறந்தாள்.

அமராலின் இரண்டு நாய்களுக்கு நீரோ, மெல் என்று பெயர். நீரோ அந்நியர் என்றால் குதறிவிடும். மின்வாரியத்துக்காரர் ஒருவரின் தொடையில் நீரோவின் பல்தடம் இன்னும் இருக்கும். ஒலிண்டா அவற்றைச் சமையலறையில் அடைத்த பிறகுதான் நாங்கள் உள்ளே போனோம். படுக்கையறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. அந்தச் சாவிகளை முதலாளியம்மா கையோடு கொண்டுபோய்விட்டாள். போர்த்த ஒரு துணி இல்லை. கூடத்தில் பெரிய சாப்பாட்டு மேசை ஒன்று இருந்தது. கதவடி வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் அவரை அதன்மேல் கிடத்தினோம். ஈரச் சட்டையைக் கழற்றினேன். ஜன்னல் திரைச்சீலையை இறக்கி ஒலிண்டா அவரைச் சுற்றினாள். அதுவும் நனைந்திருந்தது.

அவர் நடுங்கினார். பற்கள் மோதும் சத்தம் புயலை மீறிக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒலிண்டாவுக்கு இல்லை.

"பேச்சுக் குடு, டீச்சர்."

"என்னங்க. என்னங்க."

"ம்" என்றார். அடுத்த முறை அதுவும் இல்லை.

ஒலிண்டா அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "கட்டை மாதிரி குளிர்ந்து கிடக்கு. எங்க சித்தப்பா கடல்ல விழுந்து வந்தப்ப இப்படித்தான் இருந்தாரு." பிறகு சமையலறைக் கதவைப் பார்த்தாள். "நாய்க்கு உடம்பு ரொம்பச் சூடு."

"கடிச்சுருமே!"

"கடிக்கலாம். மெல் கடிக்காது. நீரோவைச் சொல்ல முடியாது. நீ அசையாம நில்லு, கண்ணைப் பாக்காதே."

கதவைத் திறந்தாள். மெல் முதலில் வந்தது, வாலைக் கால்களுக்கிடையில் சுருட்டிக்கொண்டு. புயலுக்கு அதுவும் பயந்திருந்தது. ஒலிண்டா மேசையைத் தட்டினாள். ஏறிவிட்டது. நீரோ வாசலிலேயே நின்றது. கழுத்து மயிர் நிமிர்ந்தது, தொண்டையில் உறுமல் ஆரம்பித்தது. கன்றுக்குட்டி அளவு நாய். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

மேசையிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "நகரு."

கண்ணைத் திறந்திருந்தார். வலது கையால் தன் இடது கையைத் தூக்கி, மேசை விளிம்புக்கு வெளியே நாயின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இந்தக் கையைக் கடிச்சுக்க, சாமி" என்றார். "இது வலிக்காது."

நீரோ கிட்டே வந்தது. அந்த உணர்வில்லாத விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிசினும் மரத்தூளும் இன்னும் அவற்றில் இருந்ததோ என்னவோ. நக்கியது. பிறகு மேசையில் ஏறி, அவருடைய இன்னொரு பக்கத்தில் தொப்பென்று விழுந்து படுத்தது. அவ்வளவு எடைக்கு மேசை முனகியது. ஈரத்தாலும் அழுக்காலும் நாறிய அந்த இரண்டு உடம்புகளுக்கு நடுவே என் கணவர் புதைந்துபோனார். அரை மணி நேரத்தில் மறுபடி நடுங்க ஆரம்பித்தார்.

"நடுங்குறாரு, நடுங்குறாரு!" என்று ஒலிண்டா கைதட்டினாள். "இனி பொழைச்சுக்குவாரு."

குளியலறையில் கரியடுப்பு மூட்டி, நாய்களுக்கென்று காலையிலேயே வேகவைத்திருந்த சோள நொய்யும் மீன்தலையும் இருந்த சட்டியைச் சுடவைத்தாள். வேறெதுவும் இல்லை. ஒரு கரண்டியால் அவருக்கு ஊட்டினேன்.

"நல்லாருக்கு" என்றார். "ஆறு வருஷமா இதைத்தான் தின்னுட்டு அந்த நாய் இவ்வளவு திமிரா திரியுதா?"

தன் நாயின் பேச்சு வந்ததும் ஒலிண்டாவின் முகம் மாறியது. ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

ஒரு மணிக்குச் சட்டென்று எல்லாம் நின்றது. காற்று இல்லை. மழை இல்லை. வெயில் அடித்தது. பறவை ஒன்று கத்தியது. ஒலிண்டா கிராதியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"போகாதே" என்றார் ஜோசியாஸ். "இது பாதிதான். புயலோட நடுக்கண்ணு நமக்கு நேர் மேல இருக்கு. மீதி வடக்கேருந்து வரும், இதைவிட மோசமா வரும்."

"அது எங்கேயாவது கயிறு சிக்கிக் கிடக்கும், அண்ணே. எல்வீரா வேலைக்குப் பெய்ரா டவுனுக்குப் போனதுலேருந்து எனக்கு வீட்ல அது ஒண்ணுதான். உடனே வந்துருறேன்."

போய்விட்டாள். நான் முன்கட்டில் நின்று பார்த்தேன். தோப்பில் ஒரு மரம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் கட்டில் மட்டும் இருந்தது. முழங்கால் தண்ணீரில் ஒலிண்டா விழுந்த மரங்களுக்குள் நுழைந்து மறைந்தாள். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம். வடக்கே வானம் மண்ணெண்ணெய்ப் புகை மாதிரி கறுத்து எழும்பியது. தூரத்தில் கனரக லாரிகள் வரிசையாக வருகிற மாதிரி ஓர் இரைச்சல்.

"கூப்பிடு" என்று உள்ளேயிருந்து ஜோசியாஸ் கத்தினார். "வந்துருச்சு, கூப்பிடு அவளை!"

அவள் பெயரைத்தான் கூப்பிட நினைத்தேன். வாயில் வந்தது அது இல்லை.

"வந்தாகணும்!" என்று கத்தினேன். "வந்தாகணும்! வந்தாகணும்!"

பள்ளிக்கூட மைதானத்தின் மறுகோடியில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்கிற தொண்டை எனக்கு. ஆறு வருடம் என்மேல் எறியப்பட்ட சொல்லை முழுத் தொண்டையோடு திருப்பி எறிந்தேன். முதல் காற்று வந்து முகத்தில் அறைந்தது. கத்திக்கொண்டே இருந்தேன்.

முதலில் நாய்தான் வந்தது. கழுத்தில் அறுந்த கயிற்றோடு, நீந்தியும் தாவியும். அதன் பின்னால், கயிற்றின் நுனியைப் பிடித்தபடி ஒலிண்டா. நான் படியிறங்கி அவள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டேன். கிராதியைச் சாத்தும்போதே வடக்குக் காற்று வீட்டைப் பிடித்துக்கொண்டது.

தரையில் கிடந்து மூச்சு வாங்கிய ஒலிண்டா என்னைப் பார்த்தாள். "யாரைக் கூப்பிட்டே?"

"நாயைத்தான்" என்றேன்.

வடக்குப் பக்கக் கதவு மரக்கதவு. குளிர்பெட்டியை இழுத்து அதன்மேல் சாய்த்தோம், போதவில்லை. பெட்டிக்கு முதுகு கொடுத்து, சுவரில் கால்களை ஊன்றி, இருவரும் தண்ணீரில் உட்கார்ந்தோம். நாலு மணி வரை அப்படியேதான் இருந்தோம். ஒவ்வொரு அடிக்கும் பெட்டி எங்களைத் தள்ளியது, நாங்கள் அதைத் திருப்பித் தள்ளினோம். பேசாமல் இருந்தால் பயமாக இருந்தது.

"எல்வீரா இப்ப பெய்ராவுல மருந்துக் கடையில இருக்கா, டீச்சர். மருந்து அளந்து குடுக்குறா. ஒரு தடவை கூடத் தப்பா அளக்கல."

"அந்த ஒரு வருஷம் நிறுத்தினதாலதான் தப்பா அளக்கல."

"இப்பக்கூட விட்டுக்குடுக்க மாட்டே?"

"மாட்டேன்." காற்று ஒரு மூச்சு விட்டது. "ஆனா வீட்டுக்கு வந்து உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். நிறுத்தினவங்க பேரைப் பலகையில ஒட்டிட்டுப் போயிட்டேன். நீ ஊரோட சேர்ந்து நின்னு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டே."

"படிக்கத் தெரியாதே எனக்கு" என்றாள் ஒலிண்டா. "பக்கத்துல நின்னவ படிச்சுச் சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா."

அது எனக்குத் தெரியாது. ஆறு வருடம் தெரியாது. நான் அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து கதவைத் தாங்கினேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேனா என்று நினைவில்லை. காற்று அவ்வளவு இரைந்தது.

சாயங்காலம் எல்லாம் அடங்கியபோது மேசையைப் போய்ப் பார்த்தோம். மூன்று நாய்களுக்கு நடுவே ஜோசியாஸ் தூங்கிக்கொண்டிருந்தார். வந்தாகணும் அவர் காலடியில், மடங்கிய காதை அவர் பாதத்தில் வைத்துப் படுத்திருந்தது. அவர் நெற்றி சூடாக இருந்தது. மனிதச் சூடு. நான் அங்கேயே தண்ணீரில் முழங்கால் போட்டு நன்றி சொன்னேன். கடவுளுக்குச் சொன்னதில் பாதி அந்த நாய்களுக்குப் போயிருக்கும்.

எங்கள் கரையில் அன்று பதினொரு பேர் போனார்கள். சக்கரியாஸை நாலாம் நாள் அலையாத்திக் காட்டில் கண்டெடுத்தார்கள். ஒலிபெருக்கி கழுத்திலேயே இருந்தது.

அமரால் ஒன்பதாம் நாள் படகில் வந்தார். மேசையில் நகக் கீறல்கள், திரைச்சீலையில் நாய் மயிர். அவர் கேட்பதற்கு முன்பே ஒலிண்டா சொன்னாள், "ரெண்டு பேரை உள்ள விட்டேன், முதலாளி." அவர் கீறல்களைத் தடவிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், திட்டவில்லை. ஆனால் அடுத்த முறை அவர்கள் வெளியூர் போனபோது சாவி வேறொருத்தியின் கைக்குப் போயிற்று. அதற்கடுத்த முறையும். ஒலிண்டா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காய்ந்த இறால் விற்கத் தொடங்கினாள். காலையில் கூடையோடு போகும்போது எங்கள் வாசலில் ஒரு கைப்பிடி வைத்துவிட்டுப் போவாள்.

ஜோசியாஸுக்கு அதற்குப் பிறகு மூன்று வருடமும் நாலு மாதமும் கிடைத்தன. எங்களுக்குப் புதுத் தகரம் வந்தது, செங்கல் சுவர் வந்தது. அவர் தடியூன்றித் தண்ணீர்க் குழாய் வரை நடந்தார். மூன்று மாம்பழக் காலம் பார்த்தார். என்னோடு தினமும் சண்டை போட்டார். சட்டைப் பொத்தானுக்கு, வானொலிச் சத்தத்துக்கு, ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு, சாத்தி வைப்பதற்கு. ஒவ்வொரு சண்டையும் எனக்குக் கிடைக்காமல் போயிருக்க வேண்டியது. அது தெரிந்தும் நான் ஒன்றிலும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஜூன் மாதம், காற்றே இல்லாத ஒரு காலை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போடல" என்றார்.

"ரெண்டு கரண்டி போட்டேன்."

"போடல."

"நாக்கும் போயிருச்சு உங்களுக்கு. போட்டேன்னா போட்டேன்."

"சரி, டீச்சரம்மா" என்று சொல்லிச் சிரித்துக் குவளையைக் கீழே வைத்தார். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது அவர் இல்லை. வலியில்லாமல் போயிருந்தார். முகம் சொல்லியது.

ஒலிண்டா கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றி, ஆட்கள் வருவதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அந்தக் குவளை அங்கேயே இருந்தது, முக்கால்வாசி நிறைய. எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. ஒலிண்டாவிடம் நீட்டினேன். அவளும் ஒரு வாய் குடித்தாள்.

காலையில் சர்க்கரைக்கு நடந்த சண்டையை அவளிடம் சொன்னேன்.

"மனுஷன் சரியாத்தான் சொல்லியிருக்காரு, டீச்சர்" என்றாள்.